பீக்கனை எங்கே கட்டுவது?

கடலில் உயிருக்கு ஆபத்து வந்தால் சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் கருவிதான் பீக்கன். அதைப் பாலித்தீன் பையில் சுற்றி, சோற்றுத் தூக்கோடு பெட்டிக்குள் வைத்திருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். வள்ளம் கவிழ்ந்தால் பெட்டி ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் கிடப்பீர்கள். பிஎல்பி என்கிற கையடக்கப் பீக்கனை ஆளோடுதான் கட்ட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதியில், ஒரு கை அடிபட்டாலும் மற்றக் கைக்கு எட்டுகிற இடத்தில், அதற்குரிய கயிற்றிலேயே கட்டுங்கள்.

எஞ்சின் மட்டும் நின்றுபோனால் பீக்கனைத் தொட வேண்டாம். முதலில் நங்கூரம், அடுத்து விஎச்எஃப் ரேடியோவில் 16-வது சேனல், போன் எடுத்தால் கடலோரக் காவல்படையின் 1554. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, நங்கூரம் பிடிக்கும். பிடிக்காமல் கச்சான் என்கிற மேல்காற்று தள்ளினால் படகு கிழக்கே, இலங்கை எல்லைக் கோட்டுப் பக்கம் போய்விடும். உயிருக்கு ஆபத்து என்ற கட்டத்தில்தான் பட்டன்.

ஆன்டெனாவை முழுசாக நிமிர்த்தி, சீலை உடைத்து, பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடியுங்கள். விளக்கு மின்னியதுமே செய்தி போய்விட்டதாக நினைக்காதீர்கள். முதல் 406 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் கிளம்ப ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். பிறகு 50 நொடிக்கு ஒரு தடவை, அரை நொடி நீளத்துக்கு. அந்த அரை நொடியில் ஆன்டெனா தண்ணீருக்குள் இருந்தால் அந்தத் தடவை வீண். பெரிய படகுகளில் இருக்கும் இபிர்ப் என்கிற படகுப் பீக்கன் தானாக நிமிர்ந்து மிதக்கும். பிஎல்பி பெரும்பாலும் மிதந்தாலும் சாய்ந்துவிடும். அதனால் தண்ணீருக்கு மேலே, ஆன்டெனா வானம் பார்க்க, கையால்தான் பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ் பகுதியை விரல் மறைக்கக் கூடாது. மறைத்தால் இடம் 100 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகத் தெரிவதற்குப் பதில் 5 கிலோமீட்டர் வட்டமாகிவிடும்.

கீழக்கரைப் பக்கம் துபாயிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த பீக்கனாக இருந்தால் கவனம். அதற்குள் வேறு நாட்டுக் குறியீடு இருக்கும். இந்தியாவுக்கு 419, டீலரிடம் மாற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். சிக்னல் வந்ததும் பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்துக்கு உங்கள் பதிவு விவரம் தெரிய வேண்டும். இலங்கைக்கும் சேர்த்து அந்த மையம்தான் பார்க்கிறது. பதிவில் கடலுக்கு எடுத்துப் போகும் உங்கள் நம்பரை மட்டும் கொடுப்பது அபத்தம். கரையில் இருக்கும் ஒருவர் நம்பரையும் படகின் நிறத்தையும் எழுதுங்கள்.

மீனவர்களுக்கென்று இஸ்ரோ செய்த டேட் என்கிற ஆபத்துச் செய்திக் கருவி வேறு. அது படகுக்கானது. 2024-ல் வந்த இரண்டாம் தலைமுறையில், செய்தி கிடைத்தது என்று பதிலும் வரும். சாதாரண பிஎல்பியில் பெரும்பாலும் அந்தப் பதில் கிடையாது. விளக்கை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டியதுதான்.

மடக்கு ஆன்டெனாவின் கீலில் உப்பு பூத்து இறுகிவிடும். ஒவ்வொரு தடவை கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாதம் ஒரு செல்ஃப் டெஸ்ட் போதும், ஒவ்வொன்றும் பேட்டரியைக் கொஞ்சம் தின்னும். தவறுதலாக அமுங்கிவிட்டால் அணைத்துவிட்டு உடனே 1554-க்குச் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

உண்மையான ஆபத்தில் போட்ட பிறகு, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள். 24 மணி நேரம் தாங்கும். தூரத்தில் கப்பல் தெரிந்ததும் அணைப்பது அதைவிட மோசம்: கடைசித் தூரத்தில் பீக்கன் அனுப்பும் 121.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடித்துத்தான் உங்களிடம் வந்துகொண்டிருப்பார்கள். ஏற்றிக்கொண்டு அவர்கள் சொன்ன பிறகு அணையுங்கள்.