போனில் பறக்கும் வைஃபை லேப்டாப்பில் மட்டும் ஏன் நொண்டுகிறது

லேப்டாப்பில் நெட் மெதுவாக இருந்தால் நம் ஊரில் முதலில் திட்டு வாங்குவது லைன் போட்டுக் கொடுத்த ஆள்தான். அவர் வந்து மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, "இப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார், மறுநாள் பழைய கதை. தக்கலையில் சித்தி வீட்டுக்கு வந்த பையன் கொஞ்சம் விவரமானவன். "அக்கா, போன்ல நல்ல ஸ்பீடு கிட்டுதே, லேப்டாப்புலதான் என்னமோ இருக்கு" என்றான். சித்திக்குக் கோபம், ஆனால் அவன் சொன்னதுதான் சரி. 100 எம்பிபிஎஸ் பிளானில் போனுக்கு 90 வரை வருகிறது, அதே மேஜையில் இருக்கும் லேப்டாப் 10-ஐத் தாண்டவில்லை என்றால், தெருவில் ஓடும் ஃபைபரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு லேன் கேபிளை மோடத்திலிருந்து நேராக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். அதில் வேகம் சரியாக வந்தால் கோளாறு காற்றில் இருக்கிறது, அல்லது லேப்டாப்பின் வைஃபை கார்டில்.

இதற்கு ஸ்பீடு டெஸ்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட உருப்படியான ஒரு இடம் விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் வைஃபை பக்கம் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் கீழே லிங்க் ஸ்பீடு, நெட்வொர்க் பேண்ட் (எந்த அலைவரிசை), சேனல் (அதற்குள் எந்தப் பிரிவு) எல்லாம் எழுதியிருக்கும். சித்தியின் லேப்டாப்பில் பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ், லிங்க் ஸ்பீடு 72. இந்த 72 என்பது லேப்டாப்பும் ரௌட்டரும் (வீட்டில் இருக்கும் அந்த மோடம் பெட்டிதான்) பேசிக்கொள்ள ஒத்துக்கொண்ட வேகம்தான். எவ்வளவு நல்ல சூழலிலும் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நம் கைக்கு வரும், பக்கத்து வீட்டு வைஃபைகளும் சேர்ந்து சத்தம் போட்டால் அதுவும் வராது. சாதாரணமாக வீட்டு வைஃபை 2.4, 5 என்று இரண்டு பேண்டில் ஓடும். போன் வேகமான 5 கிகாஹெர்ட்ஸில் ஏறிப் போய்விட்டது, லேப்டாப் கீழேயே நின்றுவிட்டது.

பக்கத்து வீடு என்றேன் அல்லவா, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது சின்ன விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், சென்னைக்கு அடுத்து நாம்தான். தமிழ்நாட்டின் சராசரியே 555. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உட்கார்ந்து வைஃபை பட்டியலைத் திறந்தால் யார் யாரோ வீட்டுப் பெயர்களாக வந்து கொட்டும். 2.4-ல் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அத்தனை வீடும் இந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், அலை சுவரைத் தாண்டச் சிரமப்படுவதால் பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறைவு.

அதனால் டவுனில் இருப்பவர்கள் செய்யவேண்டியது ரௌட்டர் செட்டிங்ஸுக்குள் போய் இரண்டு பேண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை 5-ல் மட்டும் இணைப்பது. (ரௌட்டர் பெயரில் வரும் 5ஜி-க்கும் செல்போன் டவர் 5ஜி-க்கும் சம்பந்தமில்லை.) இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் எதில் ஏறுவது என்பதை லேப்டாப் தன் இஷ்டத்துக்கு முடிவுசெய்யும், டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடிவுசெய்யும். அந்த 5 பெயர் போனில் தெரிந்து லேப்டாப்பில் தெரியவே இல்லையென்றால், பெரும்பாலும் கார்டிலேயே 5 கிடையாது என்று அர்த்தம். 2016 வாக்கில் வந்த மலிவு லேப்டாப்கள் பலவற்றில் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். டிரைவரை எத்தனை முறை புதுப்பித்தாலும் இல்லாத பேண்ட் வராது, டூயல் பேண்ட் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகுவதுதான் வழி. சித்தி வீட்டில் அதைத்தான் செய்தோம், லிங்க் ஸ்பீடு 433-க்குப் போனது, பேச்சு நின்றது.

2.4-லேயே இருந்தாகவேண்டியவர்கள் லேப்டாப்பின் பக்கவாட்டைப் பாருங்கள். யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கும் அதன் கேபிளும் சரியாக அந்த 2.4 பக்கத்தில் இரைச்சல் கிளப்பும், இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து ஆவணமாக வெளியிட்டது. டிஸ்கைக் கழற்றியதும் வேகம் ஏறினால் ஆள் அகப்பட்டுவிட்டார். ப்ளூடூத் ஹெட்செட்டும் அதே அலைவரிசைதான், மைக்ரோவேவ் அடுப்பும் அதேதான்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. சார்ஜர் போட்டால் வேகம் கூடுகிறதா என்று பாருங்கள், பேட்டரியில் ஓடும்போது கார்டை அடக்கி வைக்கும் பவர் செட்டிங் ஒன்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் வரிசையைத் தட்டினால் போட்டோக்களைச் சத்தமில்லாமல் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும் புரோகிராம் மாட்டும். அப்புறம், டவுன்லோடு விநாடிக்கு 12 எம்பி என்று காட்டினால் வருத்தப்படாதீர்கள், பிளானின் 100 பிட் கணக்கு, இது பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5, முழு வேகமும் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் விளைக்குள் வீடு இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பாதி பொருந்தாது. அங்கே பக்கத்து வீட்டு வைஃபையே எட்டாது, 2.4 சுத்தமாகக் கிடக்கும். எதிரி சுவர்தான், அதுவும் பழைய வெட்டுக்கல் சுவர் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்கே திணறித்தான் போகும். போதாததற்கு, ஃபைபர் எந்த வாசல் வழியாக வந்ததோ அங்கேயே டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்கு மேலோ மோடத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதை வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுவந்தாலே பாதி குறை தீரும்.

தனியாக இருக்கும் பின்கட்டுக்கோ மாடிக்கோ வேண்டுமென்றால் ரிப்பீட்டர் வாங்கச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். 100 மீட்டர் வரை லேன் கேபிள் இழுக்கலாம், மறுமுனையில் இன்னொரு ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும்) வைத்துவிடுங்கள். ஒன்று மட்டும்: ஐப்பசியில் இடி தொடங்கினால் மோடத்தின் கரண்டைப் பிடுங்கினால் மட்டும் போதாது. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. வெளியே இழுத்த இந்தக் கேபிள் செம்பு, மழை வருவதற்கு முன்பே இரண்டு முனையிலும் கழற்றிப் போட்டுவிடுங்கள்.