ஒரே குடும்பம், ஒரு பாஸ், மூன்று டிக்கெட்

பாரிஸ் பயணத்துக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த பெரிய வாக்குவாதம் 62 யூரோவைப் பற்றியது. 2024 அக்டோபரில் பாரிஸ் மியூசியம் பாஸின் 48 மணி நேர விலை அது. 96 மணி நேரத்துக்கு 77, 144 மணி நேரத்துக்கு 92. ஐம்பதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் தலா ஒரு முறை போய்வரலாம். வாங்கியே தீர வேண்டும் என்றார் என் கணவர். வேண்டாம் என்றேன் நான். கடைசியில் அவர் தனக்கு மட்டும் பாஸ் வாங்கினார், நான் எனக்கு வேண்டியதற்கு மட்டும் டிக்கெட் வாங்கினேன். 16 வயது மகன் எந்தக் கட்சியிலும் சேராமல் செலவே இல்லாமல் வந்தான்.

அந்த 'செலவே இல்லாமல்' என்பதை நாங்கள் தெரிந்துகொண்டதே தற்செயலாகத்தான். முதலில் பார்த்தது ஓர் இடைத்தரகர் இணையதளம். எத்தனை பேர் என்று கேட்டது, மூன்று என்று போட்டோம், மூன்று பாஸுக்குத் தொகை காட்டியது. கூடவே படகுச் சவாரியும் மாடிப் பேருந்தும் சேர்ந்த ஒரு பெரிய கார்டையும் நீட்டியது. வயதை எங்கேயும் கேட்கவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள், தொகை உருண்டையாக வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. ஒவ்வோர் இடத்தின் சொந்த இணையதளத்துக்கும் போய் விலையைப் பார்த்தபோதுதான், எங்கள் பட்டியலில் இருந்த எல்லா இடங்களிலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை என்பது தெரிந்தது. எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதுதான் விதி. கையில் வயதைக் காட்டும் அடையாளச் சான்று இருக்க வேண்டும். மகனுக்காகக் கொடுக்க இருந்த 62 யூரோ அங்கேயே மிச்சமானது.

பிறகு ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "பாஸ் என்று ஒன்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்காசு கொடுத்து எதையெதைப் பார்ப்பீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்." அவர் எழுதியது நான்கு: லூவ்ர் அருங்காட்சியகம் 22 யூரோ, ஓர்சே அருங்காட்சியகம் 16, வெர்சாய் அரண்மனை 21, சாந்த் ஷப்பெல் தேவாலயம் 13. கூட்டினால் 72. பாஸ் வாங்கினால் 10 யூரோ மிச்சம். "பார்த்தாயா, லாபம்தான்" என்றார்.

லாபம்தான், மறுக்கவில்லை. என் பட்டியலில் வெர்சாய் இல்லை. அரண்மனைக் கூட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்க எனக்கு விருப்பமில்லை. மற்ற மூன்றுக்கும் சேர்த்து 51 யூரோ. எனக்குப் பாஸ் 11 யூரோ நஷ்டம். ஒரே ஊர், ஒரே மூன்று நாட்கள், ஓர் இடம் கூடக் குறைய இருந்ததும் விடையே மாறிவிட்டது. மகனுக்கு இருந்த ஒரே ஆசை ஈஃபில் கோபுரம். அது பாஸில் கிடையாது. மெட்ரோவும் கிடையாது.

அவருடைய சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். பாஸ் நாள்கணக்கில் ஓடுவதில்லை, மணிக்கணக்கில் ஓடுகிறது. முதல் வாசலில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்துதான் 48 மணி நேரம். எனவே செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஓர்சேயில் தொடங்கினார். அப்படியென்றால் வியாழன் பிற்பகல் 2 மணிக்குள் கடைசி இடத்துக்குள் நுழைந்தால் போதும். இரண்டு நாள் பாஸை மூன்று நாட்களின் மேல் விரித்துப் போட்டுவிட்டார். கிழமைகளையும் அவரே சரிபார்த்தார். ஓர்சேயும் வெர்சாயும் திங்களன்று விடுமுறை, லூவ்ரும் ஒராஞ்செரி அருங்காட்சியகமும் செவ்வாயன்று விடுமுறை. இதைப் பார்க்காமல் திங்கள் காலையில் பாஸைத் தொடங்குபவர்கள் பாதி ஊர் மூடிக் கிடக்கும்போது மீட்டரை ஓடவிடுகிறார்கள்.

அவர் நினைத்திராத ஒன்று, முன்பதிவு. பாஸ் கையில் இருந்தாலும் லூவ்ருக்கும் வெர்சாய்க்கும் சாந்த் ஷப்பெலுக்கும் தனித்தனியாக நுழைவு நேரம் பதிவு செய்தாக வேண்டும். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குள் நுழையலாம் என்ற சுதந்திரத்துக்காகத்தான் பாஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மூன்று இணையதளங்களில் மூன்று நேரங்களைப் பிடிக்க ஒரு முழு மாலையைச் செலவிட்டார். என் டிக்கெட்டில் நேரம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. புதன் காலை 9 மணிக்கு லூவ்ர் வாசலில் இருவரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிச் செல்ல எந்த அட்டையாலும் முடியாது.

அந்தப் புதன்கிழமையைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

லூவ்ரிலிருந்து வெளியே வரும்போது மணி பன்னிரண்டரை. எனக்குக் கால் கடுத்தது. அவர் கைபேசியைப் பார்த்து, "ஒராஞ்செரி பக்கத்திலேயே இருக்கிறது, பாஸில் உண்டு" என்றார். காகிதத்தில் இல்லாத இடம். போட்ட காசை எடுத்தாக வேண்டும் என்ற வேகம் அதற்குள் அவரைப் பிடித்துவிட்டது. ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களுக்காகவே அமைத்த இரண்டு நீள்வட்ட அறைகள் அங்கே 1927 முதல் இருக்கின்றன. மணிக்கணக்காக உட்கார்ந்து பார்ப்பதற்கான இடம். அவர் அதை அரை மணி நேரத்தில் முடித்தார். நானும் மகனும் பெத்தி பலே பக்கம் நடந்தோம். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது, இப்போது நகராட்சியின் அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. நடுவில் தூண் வரிசை சூழ்ந்த ஒரு தோட்டம் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் எந்த பாஸ் விளம்பரமும் சொல்லாது, இலவசத்தை விற்க முடியாது அல்லவா?

மூன்றரை மணிக்கு சாந்த் ஷப்பெலில் மூவரும் சேர்ந்துகொண்டோம். நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் தேவாலயம். ஒன்பதாம் லூயி மன்னர், இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளை வைப்பதற்காகக் கட்டியது. 1248இல் அர்ச்சிக்கப்பட்டது. முதலில் தாழ்ந்த கூரையுள்ள கீழ்க்கோயில். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். பிறகு ஒரு ஆள் மட்டுமே ஏறக்கூடிய சுருள்படி. கடைசிப் படியில் தலையை நிமிர்த்தியதும் சுவரே இல்லை. 15 மீட்டர் உயரமுள்ள 15 சன்னல்கள், எல்லாம் வண்ணக் கண்ணாடி, மொத்தம் 1,113 காட்சிகள். வெயில் சாய்ந்திருந்தது. எதிரே நின்ற ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டையில் நீலமும் சிவப்பும் விழுந்து, அவர் மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல அசைந்தன. மகன் ஒரு சன்னலைத் தேர்ந்தெடுத்துக் கீழிருந்து மேலாகக் கட்டம் கட்டமாகப் படிக்கத் தொடங்கினான்.

இருபதாவது நிமிடத்தில் என் தோளில் கை. "பாந்தியோன் நினைவு மண்டபம் ஆறு மணிக்கு மூடிவிடும்."

"நீங்கள் போங்கள்" என்றேன். போனார். நாங்கள் ஐந்து மணி வரை அங்கேயே இருந்தோம்.

இரவில் அவர் வெற்றி வளைவின் 284 படிகளையும் ஏறினார், கூடவே மகனும். அன்று மட்டும் அவருக்கு அது ஐந்தாவது இடம். நான் கீழே ஷான்ஸெலிசே சாலையில் ஒரு பெஞ்சில் இருந்தேன். மேலிருந்து போன் வந்தது. "ஈஃபில் கோபுரம் மினுமினுக்கிறது, நீயும் வந்திருக்கலாம், 16 யூரோதானே." இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் அது மின்னும். மகனின் ஆசை பாதி நிறைவேறியது, அதுவும் இலவசமாக. அந்த ஓர் இடத்தில் மட்டும் என் சிக்கனத்தை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

வியாழன் நண்பகலில் அவரும் மகனும் வெர்சாய்க்குள் நுழைந்தார்கள். நான் மரே பகுதியில் கார்னவாலே அருங்காட்சியகத்தில் இருந்தேன். இதுவும் கட்டணமற்றதுதான். பழைய கடைகளின் பெயர்ப்பலகைகளை மட்டுமே தொங்கவிட்டு அங்கே ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள், மோன்மார்த்தரின் 'கறுப்புப் பூனை' கேளிக்கை விடுதியின் பூனை உட்பட. என்னைப் போன்றவர்களுக்கு ஓர் அரசனின் படுக்கையறையைவிட ஒரு பழைய கடையின் பலகை அதிகம் பேசும்.

ஊர் திரும்பியதும் அவர் கணக்கு வாசித்தார்: ஏழு இடங்கள், தனித்தனியாக வாங்கியிருந்தால் 113.50 யூரோ, கொடுத்தது 62, மிச்சம் 51.50. நான் பழைய காகிதத்தை எடுத்துவைத்தேன். கைக்காசில் வாங்கியிருக்க மாட்டேன் என்று அவரே சொன்ன ஒராஞ்செரி, பாந்தியோன், வெற்றி வளைவு மூன்றுக்குமாக 41.50. அதைக் கழித்தால் மிஞ்சுவது அதே பழைய 10 யூரோ. வாங்க நினைக்காத சரக்கின் விலையை மிச்சக் கணக்கில் ஏற்ற நான் விடுவதில்லை. "ஆனால் பார்த்தேன் அல்லவா?" என்றார். பார்த்தார். பாந்தியோனில் எடுத்த படத்தை வெர்சாய் என்று தன் தம்பிக்கு அனுப்பினார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அவர் இதைப் படிப்பார்.

இந்த விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாஸின் விலை ஏறிவிட்டது. லூவ்ர் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ வாங்குகிறது. எங்கள் கூட்டல் இப்போது செல்லாது, காகிதம் மட்டும் செல்லும்.

போன வாரம் ஒரு தோழி பாஸ் வாங்கலாமா என்று கேட்டாள். குடும்பத்தில் நான்கு பேர், நான்கு பாஸ் கூடையில் ஏற்றிவிட்டாளாம். பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். பதினேழு, பன்னிரண்டு. முதலில் அதில் இரண்டை எடுத்துவிடு, மீதியைப் பிறகு பேசலாம் என்றேன்.