குன்னூர் வீட்டு மாடிப்படி: பிப்ரவரி வரை முடிந்த வேலை

எங்கள் வீடு குன்னூரில் சரிவில் கட்டிய பழைய வீடு. உள்ளே மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டு முழுவதும் தேக்கு. கைப்பிடிக் கிராதியில் வரிசையாகக் கடைசல் தூண்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. ஏறும்போது உடம்பின் பாரத்தையெல்லாம் கைப்பிடியில்தான் போடுகிறார். அது ஆடத் தொடங்கியதும், மரத்தைப் பிரித்துவிட்டு ஸ்டீல் குழாய் போடச் சொன்னவர்கள் பலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. குத்தூசியால் குத்திப் பார்த்ததில், கூரை ஒழுகிய இடத்தில் ஒரே ஒரு படிதான் உளுத்திருந்தது. மற்ற பலகைகளில் ஊசி இறங்கவே இல்லை. தளர்ந்தது இணைப்புகள்தான், மரம் அல்ல.

இந்த ஊரில் மரவேலைக்குக் காலம் பார்த்தே ஆக வேண்டும். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை துவைத்த துணி காயாது, மரமும் காயாது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நீடித்தால், மரம் தன் காய்ந்த எடையில் 16 சதவீத அளவுக்கு ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரத்தின் ஈரம் 9 சதவீதத்துக்கு வரும். அந்த வேறுபாட்டில் பலகை நீளத்தில் மாறுவதில்லை, அகலத்தில்தான் உப்பிச் சுருங்குகிறது. 25 செ.மீ. அகலத் தேக்குப் பலகை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல்கூட நகரும். ஆண்டுதோறும் அப்படி நகர்ந்துதான் ஆப்புகள் கழன்றிருக்கின்றன. ஆகவே ஜனவரியில் பனி விலகி வெயில் நிலைத்த பிறகே தொடங்கினேன்.

முதலில் கிரீச் சத்தம். படிக்கு அடியிலுள்ள சாமான் அறைக்குள் விளக்கோடு நுழைந்து, மேலே தம்பியை நடக்கச் சொல்லி, எந்தப் படி முனகுகிறது என்று சாக்பீஸால் குறித்தேன். பழைய தச்சர்களின் வேலையை அப்படி அடியிலிருந்து பார்ப்பது தனி இன்பம். பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, படியை அதில் செருகி, கீழே ஆப்பு அடித்து வஜ்ஜிரப் பசை பூசியிருக்கிறார்கள். ஓர் ஆணிகூடக் கிடையாது. பிற்காலத்தில் யாரோ சத்தத்தை நிறுத்த மேலிருந்து ஆணி அடித்திருக்கிறார்கள். மரம் அசைய அசைய ஆணியின் துளை அகன்று, ஆணியே முனகத் தொடங்கிவிட்டது. அவற்றையெல்லாம் பிடுங்கினேன். வஜ்ஜிரம் வெந்நீருக்கு இளகும் என்பதால் பழைய பசையைத் துணியால் ஒற்றியே எடுக்க முடிந்தது. புதுத் தேக்கு ஆப்புகளைச் சீவி, பசை தடவி, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) அளவாகத் தட்டினேன். மிதிக்கும் பலகையும் நிற்கும் பலகையும் சேரும் மூலையில் சிறு முக்கோணக் கட்டைகளை ஒட்டினேன். இப்போது இரவில் யார் ஏறினாலும் வீடு எழுந்துகொள்வதில்லை.

உளுத்த படிக்கு மாற்றாக, மேட்டுப்பாளையத்தில் பழைய மரக்கடையில் இடிப்பு வீட்டுத் தேக்கு ஒன்று கிடைத்தது. இங்கேயே மலிவாகக் கிடைக்கும் யூகலிப்டஸை நான் படிக்கு வைக்க மாட்டேன், காயும்போது முறுக்கிக்கொள்கிறது. தோட்டத்துச் சில்வர் ஓக் பெட்டி அடிக்க நன்று, மிதிபடும் இடத்துக்கு மென்மை அதிகம். பலகையைக் கொண்டுவந்த அன்றே அறுக்கப் போகிறேன் என்று நினைத்து எங்கள் தெரு ஆசாரி, "தம்பி, இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் போட்டு வை, பிறகு அளவெடு" என்றார். சமவெளி வெயிலில் காய்ந்த மரம் மலையேறியதும் ஈரம் குடித்து அகலும். உடனே இறுக்கிப் பொருத்தினால் நெளியும். ரீப்பர் கட்டைகள் மேல் கிடத்திக் காத்திருந்தேன். பின்புறக் காடியில் அசைவதற்குச் சிறிது இடமும் விட்டேன். தடிமனை மற்றப் படிகளோடு மயிரிழை பிசகாமல் இழைத்தேன். வீட்டுப் படியின் உயரம் 19 செ.மீ. தாண்டக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. கால் பழகிவிட்ட உயரம் ஒரு படியில் மாறினால் வயதானவர்களுக்கு ஆபத்து.

கிராதிதான் பொறுமையைக் கேட்ட வேலை. அடுக்கடுக்காகப் பச்சை எனாமல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆகையால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே இல்லை, நெருப்பும் காட்டவில்லை. சன்னலைத் திறந்து வைத்து, முகமூடி, கையுறையோடு பெயிண்ட் ரிமூவர் தடவி, இளகியதை ஈரத்தோடு சுரண்டி, பழைய செய்தித்தாளில் கட்டினேன். அண்ணன் குழந்தைகளை அந்த நாட்களில் வீட்டுப் பக்கம் விடவில்லை. கடைசல் பள்ளங்களுக்குச் சணல் கயிறுதான் கைகொடுத்தது. தூணைச் சுற்றி இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுத்தால், எந்தத் தகடும் நுழையாத வளையத்திலிருந்தும் பெயிண்ட் வந்துவிடுகிறது.

ஆடிய தூண்களின் அடி முளை, அதாவது துளைக்குள் செருகும் முனை, தேய்ந்திருந்தது. மெல்லிய தேக்குச் சீவலைச் சுற்றி ஒட்டிப் பருமனாக்கித் துளையில் இறுக்கினேன். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். கீழே உள்ள முதல் தூணை மட்டும், தரைக்கு அடியிலுள்ள உத்தரத்தோடு போல்ட் போட்டு முடுக்கினேன். அந்த ஒரு தூண் அசையாவிட்டால் கிராதியே அசையாது.

பூச்சில், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் ஸ்பிரிட் பாலிஷைத் தவிர்த்தேன். அரக்கின் நிறம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, பனிக்காற்றின் ஈரம் படிந்து, வெண்மையாகப் பூத்துவிடும். படிகளுக்கு 80, 120, 150 எண் என்று சொரசொரப்பு குறையும் வரிசையில் உப்புத்தாள் போட்டு நிறுத்தி, எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் வார்னிஷை, பளபளப்பில்லாததை, மெல்லிய பூச்சாகப் பூசி வருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, பிற்பகலில் மூடுபனி ஏறுமுன் முடித்துவிட வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு படிக்குப் பூசுவதால் வீட்டார் ஏறி இறங்க முடிகிறது. படிக்கு மெழுகு கூடவே கூடாது, வழுக்கும். கைப்பிடிக்கு 220 எண் உப்புத்தாள் வரை தேய்த்து ஆளிவிதை எண்ணெய். கை படும் இடம் மரமாகவே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டே அப்புறப்படுத்துகிறேன்.

மேல் திருப்பத்துக் கிராதி இன்னும் பாக்கி. ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்ப்பதற்குள் அதைச் சுரண்டி முடித்து, படிகளுக்குக் கடைசிப் பூச்சும் கொடுத்துவிடத் திட்டம். கூரை ஒழுகலுக்குப் புதுத் தகடு போட்டாயிற்று.