ஹாலுக்கு வந்த தனுஷ்கோடிக் கடல்

மதுரையில் அம்மா வீட்டு ஹாலில் சோபாவுக்கு மேலே ஒரு நீளச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. கடையில் வாங்கும் நீலக்கடலும் தென்னைமரமும் அதற்கு வேண்டாம், நாங்கள் கால் நனைத்த கடலே வேண்டும் என்று மார்ச் மாதம் கேமராவோடு தனுஷ்கோடிக்குக் கிளம்பினேன்.

அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை திறந்துவிட்டதால் போவது சுலபம். சாலைக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். அன்று காலையும் தெற்கில் அலை இரைந்துகொண்டிருந்தது. வடக்கில் தண்ணீர் தாம்பாளத்தில் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது.

முதலில் தெற்குக் கரைக்குத்தான் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு, வியர்வை, வெள்ளியாய்த் துள்ளும் மீன் என்று நாற்பது படம் எடுத்திருப்பேன். வலைக்காரர்களில் மூத்தவர், “எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் வர்றதில்ல” என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வடக்குக் கரைக்கு நடந்தேன்.

அங்கே தண்ணீரில் மூன்று மரக்கழிகள், ஒன்றின் மேல் ஓர் ஆலாப் பறவை. ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை மாட்டினேன். நொடியில் முப்பதில் ஒரு பங்கில் எடுக்க வேண்டிய படம் அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் சிற்றலைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, தண்ணீர் பால்புகை போல மாறிவிடும். ஈர மணலில் டிரைபாட் மெல்ல இறங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் நான்கு படங்களில் கழிகள் இரட்டையாய்த் தெரிந்தன. அதன் கால்களை நன்றாக அழுத்திப் புதைத்த பிறகுதான் ஐந்தாவது சரியாக வந்தது. ஆலா மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்ததால் ஒரு சாம்பல் தீற்றலாகிவிட்டது. அதை அழிக்க மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தையும் எடுத்தேன். அழகான படம்தான், பார்த்த தோழிகள் எல்லாரும் அதைத்தான் பிரிண்ட் போடச் சொன்னார்கள். 1964 டிசம்பரில் வந்த புயல் ஓர் ஊரையே, ஆட்களோடு வந்த ரயிலையும் சேர்த்து, கொண்டுபோன இடம் அது. காபி குடிக்கும் இடத்துக்கு மேலே அதை மாட்ட என்னால் முடியாது. ஆல்பத்தில் இருக்கட்டும்.

ஆக, மூன்று கழிகள். வீட்டில் நிறத்தைக் குறைத்தேன், அடிவானத்தை நேராக்கினேன். திரையில் தெரியாத அரை டிகிரிச் சாய்வு கூட, சுவரில் தினமும் பார்க்கும்போது உறுத்தும். கேமராவின் சென்சாரில் படிந்த தூசி வெளிர்வானத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும், அதையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். என் கேமரா தருவது 6000 பிக்சல் அகலம். 24 அங்குலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 250 பிக்சல் வருகிறது, தாராளம்.

முதல் பிரிண்ட் கறுத்துப் போய் வந்தது. அச்சகத்தின் மேல் பிழை இல்லை. என் மானிட்டரின் வெளிச்சம் முழுதாக ஏற்றி வைத்திருந்தது, தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே. வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி, படத்தைத் திரும்பத் திருத்தி, இரண்டாவது முறை பளபளப்பில்லாத பருத்தித் தாளில் போட்டேன். தண்ணீரின் வெள்ளைக்கும் வானத்தின் வெள்ளைக்கும் இருந்த சின்ன வித்தியாசம் அதில்தான் தெரிந்தது. பளபளத் தாளில் எதிர் ஜன்னல்தான் தெரியும், கடல் தெரியாது. சுற்றிலும் மூன்று அங்குலத்துக்கு வெள்ளை அட்டை (மவுண்ட்) விட்டு, மெல்லிய தேக்குச் சட்டம் போட்டோம்.

அம்மா பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையேடி” என்றாள். சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், “அது என்ன, பறவையா?” என்று கேட்டாள்.

கரைவலைப் படங்களில் ஐந்தைச் சின்ன அளவில் அச்சிட்டு, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.