11-வது டேக்

"தயவுசெய்து காமெடி பண்ணாதீங்க."

இம்ப்ராவ், அதாவது எழுதிவைத்த வசனம் இல்லாமல் மேடையில் அந்த நொடியே காட்சியை உருவாக்கி நடிப்பது; அந்த வகுப்பின் முதல் நாள் எனக்குக் கிடைத்த அறிவுரை இது. காமெடி நடிகனாக வேண்டும் என்றுதான் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன். பையில் ஒரு நோட்டு, அதில் நானே யோசித்து எழுதி வைத்த கவுண்டர்கள் நாற்பதுக்கு மேல். நான் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. "நீ டிவியில இருக்க வேண்டிய ஆளுடா" என்று பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்பி வந்தவனிடம் இப்படிச் சொன்னால்?

அன்று சாயங்காலமே காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் நடிக்கும் காட்சி. இடம், லிஃப்ட். என்னோடு நின்ற பெண், இல்லாத பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, லிஃப்ட் நின்னுடுச்சு" என்றார். எட்டு வயதுக் குழந்தையின் குரல். நான் யோசிக்கவே இல்லை. "நான் உங்க அப்பா இல்லைங்க, லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு அரை நிமிடம் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றோம்.

பயிற்சியாளர் கைதட்டி நிறுத்தினார். "ஒரு சிரிப்புக்காக ஒரு அப்பாவையும் மகளையும் காலி பண்ணிட்டீங்க. அவங்க சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?" விழுந்தது என்றுதான் நினைத்தேன். உண்மையில், அந்தப் பெண் வாயைத் திறந்த நொடியிலேயே நான் பதிலைத் தேடப் போய்விட்டேன்.

இம்ப்ராவ் என்றதும் எல்லோரும் சொல்லும் விதி, "ஆமாம், அதோடு". எதிரில் இருப்பவர் சொன்னதை ஏற்றுக்கொள், அதன் மேல் ஒன்றைச் சேர். இதை நான் மாதக்கணக்கில் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கொள்ளையடிக்கலாமா, ஆமாம், நிலாவுக்குப் போகலாமா, ஆமாம். காட்சிகள் சப்பென்று இருந்தன. ஏற்றுக்கொள்ள வேண்டியவர் நடிகர்தான், பாத்திரம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. "கொள்ளையா? எனக்கு நாளைக்குக் கல்யாணம்டா" என்று பாத்திரம் மறுக்கலாம். கூப்பிட்டவன் கொள்ளைக்காரன், நாங்கள் நண்பர்கள் என்ற உலகம் அப்படியே நிற்கிறதே, அதுதான் ஆமாம்.

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தபோது ஒரு ஆச்சரியம். இவற்றில் பலவற்றை உருவாக்கியவர் வயோலா ஸ்போலின். சிகாகோவில், பெரும்பாலும் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தவர். மொழியும் பழக்கமும் வேறு வேறான குழந்தைகளைச் சேர்த்து நடிக்க வைக்க விளையாட்டுகள்தான் அவருக்குக் கைகொடுத்தன. சிரிக்க வைப்பது அவற்றின் நோக்கமே இல்லை. அவருடைய மகன் பால் சில்ஸ் உள்ளிட்டவர்கள்தான் 1959-ல் அதே ஊரில் செகண்ட் சிட்டி என்ற இம்ப்ராவ் காமெடி அரங்கத்தைத் தொடங்கினார்கள். குழந்தைகள் ஒருவரையொருவர் கவனிப்பதற்காகப் பிறந்த விளையாட்டில் நான் கவுண்டர் நோட்டோடு வந்து நின்றிருக்கிறேன்.

இன்னொரு பாடம் இம்ப்ராவ் ஆசிரியர் கீத் ஜான்ஸ்டனிடமிருந்து வந்தது. அதாவது அவர் வழியில் வந்த பயிற்சிகளிலிருந்து. எந்த இரண்டு பேர் பேசினாலும் ஒருவர் கொஞ்சம் மேலே, ஒருவர் கொஞ்சம் கீழே இருப்பார்கள் என்பது அவருடைய பார்வை. பேசும்போது தலையை அசைக்காமல் பேசிப் பாருங்கள், அதிகாரம் தானாக வந்து உட்காரும். முகத்தைத் தொட்டுக்கொண்டே பேசுங்கள், அது இறங்கிவிடும். ஒரு வாரம் கடை, பேருந்து, அலுவலகம் என்று எங்கே போனாலும் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டிலிருந்த நாற்பது கவுண்டர்களைவிட அந்த ஒரு வாரம் எனக்குப் பின்னாளில் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது.

வகுப்பு முடிந்து ஆறு பேர் ஒரு குழுவானோம். முதல் நிகழ்ச்சிக்கு 11 பேர் வந்தார்கள். அதில் 7 பேர் எங்கள் சொந்தக்காரர்கள், மீதி 4 பேர் அடுத்த நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே வந்துவிட்டவர்கள். நான்கு வருடம் வாரம் தவறாமல் மேடை ஏறினோம். மொக்கை வாங்கிய இரவுகளை எண்ணவே முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை விடாமல் செய்தோம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒலிப்பதிவு செய்து, அடுத்த நாள் கேட்டு, எங்கே சிரிப்பு வந்தது என்று குறித்துவைத்தோம். நன்றாக வந்த காட்சிகளை மறுபடி நடித்து, தேவையில்லாததைக் கழித்து, ஐந்து நிமிட நாடகங்களாக எழுதினோம். செகண்ட் சிட்டியில் பல ஆண்டுகளாக நடப்பதும் இதுதான்: நிகழ்ச்சி முடிந்தபின் மேடையிலேயே புதிதாக ஏதாவது நடித்துப் பார்த்து, தேறியதை அடுத்த நிகழ்ச்சிக்கு எழுத்தாக்குவது. தொலைக்காட்சிக்குப் போக நினைப்பவர்கள் இந்த எழுத்துப் பழக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். அன்றைய மின்னலை மறுநாள் மறுபடி வரவழைக்கத் தெரிய வேண்டும்.

அங்கிருந்து டிவி? யாரோ ஒரு இயக்குநர் அரங்கில் உட்கார்ந்திருந்து என்னைக் கண்டுபிடித்தார் என்று சொல்லத்தான் ஆசை. ஒருவர் உட்கார்ந்திருந்தார், உண்மை. அவர் எங்கள் குழுவின் வேறொருவரைக் கூப்பிட்டார். அவருக்குத் தேதி ஒத்துவராததால் என் பெயரைச் சொன்னார். நான் போனேன், நிராகரிக்கப்பட்டேன். அந்த ஆடிஷனில் எழுதிக் கொடுத்த வசனத்தை "இன்னும் நல்லாக்கி" பேசினேன். ஓரத்தில் ஒருவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். வெளியே வந்தபின் உதவியாளர் சொன்னார், அவர்தான் வசனகர்த்தா.

அப்புறம் இரண்டு வருடத்தில் 37 ஆடிஷன்கள். மெதுவாக ஒரு பழக்கம் வந்தது. முதல் முறை எழுதியதை எழுதியபடி, ஒரு எழுத்து மாறாமல். "உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு பண்ணுங்க" என்று அவர்களாகக் கேட்டால் மட்டும் வேறொன்று. வீட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பும்போது, என் வசனத்தைவிட எதிராளியின் வசனம் ஓடும் நேரத்தில் என் முகம் என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். முதலில் எடுத்த வீடியோக்களில் அது ஒன்றுமே செய்யவில்லை. அடுத்த வசனத்துக்காகக் காத்துக்கொண்டு, ரயில் வராத நடைமேடையில் நிற்பவன் மாதிரி நின்றிருந்தேன்.

முதல் படப்பிடிப்பு, இரண்டே வரி. யாரும் என்னிடம் சொல்லாத விஷயம், செட்டில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் மைக்கில் விழும். நான்கு வருடம் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு அடுத்த அடியை வைத்தவனுக்கு அந்த அமைதி அடிவயிற்றைக் கலக்கியது. சரி, போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு டேக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். இயக்குநர் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கடைசி வரிசை இல்லைங்க. கேமரா மூணு அடியில இருக்கு."

டேக்குக்கு டேக் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கன்டினியூட்டி பார்த்த உதவி இயக்குநரோ வேறு தினுசாகக் கொன்றார். "கப்பை எந்த வார்த்தையில எடுத்தீங்க?" எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு டேக்கிலும் ஒவ்வொரு வார்த்தையில் எடுத்திருக்கிறேன். அகலக் காட்சியையும் குளோசப்பையும் ஒட்டவே முடியாது. எதிராளி வசனம் முடியுமுன் பாய்ந்து பேசுவதும் அப்படித்தான். மேடையில் உயிரோட்டம், எடிட்டருக்குத் தலைவலி. என் ஆகச் சிறந்த டேக் ஒன்று வீணாய்ப் போனது, தரையில் ஒட்டியிருந்த குறியைத் தாண்டி அரை அடி முன்னால் நின்றதால். ஃபோகஸ் இல்லை.

இம்ப்ராவ் தெரிந்தால் டிவியில் இஷ்டத்துக்குப் பேசலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1975-ல் தொடங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நேரலைக் காமெடி நிகழ்ச்சியின் முதல் குழுவிலேயே ஜான் பெலூஷி, கில்டா ராட்னர், டான் அய்க்ராய்ட் என்று செகண்ட் சிட்டிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே நடிகர்கள் பார்த்துப் பேசுவது கையால் எழுதிய வசன அட்டைகளை. நேரலையில் எந்த வார்த்தைக்கு எந்தக் கேமரா என்று முடிவாகியிருக்கும்போது, நீங்கள் ஒரு வரியைச் சேர்த்தால் கேமரா வேறு யாரையோ காட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் நாலு வருட மேடை எதற்கு? எனக்கு விடை கிடைத்தது ஒரு பூட்டு ரிப்பேர்காரர் வேடத்தில். ஒரே எபிசோட். கதாநாயகன் தன் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு, ஏன் சாவி இல்லை என்று எனக்கு ஒரு நிமிடம் விளக்குகிறார். எனக்கு வசனம் "உங்க வீடுதானா?", அப்புறம் "இங்க ஒரு கையெழுத்து". அவ்வளவுதான்.

வழக்கப்படி அகலக் காட்சி, அவருடைய குளோசப் எல்லாம் முடிந்து என் பக்கம் கேமரா திரும்பியபோது அது 11-வது டேக். அந்த ஒரு நிமிட வசனம் எனக்கே மனப்பாடம். கேமராவுக்குப் பின்னால் நின்று எனக்காகப் பேசிக்கொண்டிருந்த கதாநாயகனுக்கு அலுப்பு. "என் மனைவி பூட்டிட்டுப் போயிட்டா" என்பதற்குப் பதிலாக வாய் தவறி, "என் மனைவி பூட்டை எடுத்துட்டுப் போயிட்டா" என்றுவிட்டார்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். பூட்டு அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். தலையை அசைக்கவில்லை. பிறகு, எழுதியிருந்த அதே வரி: "உங்க வீடுதானா?"

கட் சொன்ன பிறகுதான் சிரித்தார்கள். மைக் பிடித்திருந்தவர் கம்பைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தார். இயக்குநர் கேமராவை மறுபடி அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, கதாநாயகனை வேண்டுமென்றே அதே தப்பைச் செய்ய வைத்து எடுத்தார். நான் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை, கப்பு எடுக்கும் பிரச்சினையும் இல்லை. ஆடிஷனில் பேனாவை மூடியவர் போல யாருக்கும் கோபமும் இல்லை, இந்தத் தொடரின் வசனகர்த்தா வந்து, "பூட்டுக்காரருக்கு இன்னொரு எபிசோட் எழுதட்டுமா?" என்று கேட்டார்.

ஒன்று மூன்றானது, அடுத்த வருடம் அந்தத் தெருவிலேயே பூட்டுக்காரருக்கு ஒரு கடை வந்தது. இப்போது தெருவில் பார்ப்பவர்கள் என் பெயரைச் சொல்வதில்லை, "உங்க வீடுதானா?" என்கிறார்கள். படப்பிடிப்பு நாட்கள் பெரும்பாலும் காத்திருப்புதான், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பழைய குழுவோடு இன்னும் மேடை ஏறுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனோடு காட்சி. இடம், படகு. அவன் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தான். நான், "அப்பா, படகுல தண்ணி ஏறுது" என்று ஆரம்பித்தேன். அவன் கண்ணில் அந்த மினுக்கம் தெரிந்தது. "நான் உங்க அப்பா இல்லைங்க" என்றான். அரங்கம் சிரித்தது. அவன் சிரிப்பு அடங்கும்வரை அழகாகக் காத்திருந்தான்.

"தெரியும்ப்பா" என்றேன். "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அவன் என்னைப் பார்த்தான். இல்லாத துடுப்பை மெதுவாகப் படகுக்குள் எடுத்து வைத்தான்.