பி.ஏ.எம்.எஸ். முதலாண்டு: வாதத்தை நரம்பாக்காமல் படிப்பது எப்படி?

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, நம் ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து ஆயுர்வேதம் படிக்கப் போகும் பிள்ளைகள் முதல் சில மாதங்களில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, பன்னிரண்டாம் வகுப்பில் நியூரான், ஹார்மோன், நொதி என்று படித்தோம். இங்கே வாதம், பித்தம், கபம் என்கிறார்கள். இதில் எதை நம்புவது?" நீட் தேர்வுக்காக உயிரியல் புத்தகத்தை வரிவரியாகப் படித்த பிள்ளைக்கு இந்தத் தவிப்பு வரத்தான் செய்யும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தத் தவிப்பிலிருந்து தப்பிக்க எல்லாக் கல்லூரிகளிலும் இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, எதையும் யோசிக்காமல் சுலோகத்தை உருப்போடுவது. மற்றொன்று, மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறி வரும் ஓர் அட்டவணை: வாதம் என்றால் நரம்பு மண்டலம், பித்தம் என்றால் நொதியும் ஹார்மோனும், கபம் என்றால் சளியும் நிணநீரும். அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். மதிப்பெண்ணையும் அது கெடுக்கும், புரிதலையும் கெடுக்கும்.

ஏன் என்று பாருங்கள். வாதத்தில் ஐந்து வகை. அதில் வியான வாதம் இதயத்தில் இருந்துகொண்டு உணவின் சாரமான ரசத்தை உடல் முழுவதும் செலுத்துகிறது. அபான வாதம் மலம், சிறுநீர், மாதவிடாய், குழந்தை ஆகியவற்றை வெளியே தள்ளுகிறது. இவற்றை நரம்பு மண்டலத்துக்குள் அடைக்க முடியுமா? பித்தத்தின் ஐந்தில் பாசகம் உணவைச் செரிக்கிறது, ஆலோசகம் கண்ணில் இருந்து பார்வை தருகிறது. கபத்தின் ஐந்தில் சிலேஷகம் மூட்டுகளைப் பிணைக்கிறது, போதகம் நாக்கில் சுவையை அறிய உதவுகிறது. நவீன உடலியங்கியல் உறுப்பையும் திசுவையும் மூலக்கூறையும் வைத்து உடலைப் பிரிக்கிறது. ஆயுர்வேதம் குணத்தையும் செயலையும் வைத்துப் பிரிக்கிறது. பிரிக்கும் கோடுகளே வேறு இடத்தில் போடப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பெட்டிக்குள் மற்றதைத் திணித்தால் இரண்டுமே உடையும்.

ஆகவே வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களையும் குணங்களின் வழியாகப் படியுங்கள். வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தின் முதல் அத்தியாயம் வாதத்துக்குச் சொல்லும் குணங்கள் ஆறு: வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, நுண்மை, அசைவு. இவற்றைப் படிக்க நம் கரையைப் போன்ற இடம் வேறில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வெளியே போய் நில்லுங்கள். மணல் பறக்கும், உதடு வெடிக்கும், கைத்தோல் சொரசொரக்கும். ஆனால் அந்தக் காற்று குளிர்ச்சியாக இல்லையே என்று தோன்றும். அங்கேதான் சரக சம்ஹிதை என்ற மூலநூலில் சரகர் சொல்லும் 'யோகவாஹி' வருகிறது: வாயு எதனோடு சேர்கிறதோ அதன் இயல்பை ஏற்கும், வெப்பத்தோடு சேர்ந்தால் எரிக்கும், குளிர்ச்சியோடு சேர்ந்தால் குளிர்விக்கும். வெயிலில் நின்று இதைப் புரிந்துகொண்டவர்களுக்குத் தேர்வறையில் மறக்காது.

அடுத்து, ஒத்தது ஒத்ததைப் பெருக்கும், எதிரானது குறைக்கும் என்ற சாமான்ய-விசேஷக் கொள்கை. வறண்ட காற்று வாதத்தைப் பெருக்குகிறது. பிசுக்கும் கனமும் வெம்மையும் கொண்ட நல்லெண்ணெய் குறைக்கிறது. இதே காட்சியை உயிரியல் வேறு விதமாகச் சொல்கிறது: தோலின் மேலடுக்கிலுள்ள கொழுப்புப் படலம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது, வறண்ட காற்றில் அந்த நீர் வேகமாக ஆவியாகிறது, எண்ணெய்ப் பூச்சு அந்த இழப்பைத் தாமதப்படுத்துகிறது. இரண்டு விளக்கங்களும் நம்மை எண்ணெய்க் கிண்ணத்துக்கே கொண்டுபோகின்றன. அதனால் இரண்டும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். பத்து மதிப்பெண் விடையில் முதலில் சாத்திரத்தின் விளக்கத்தை அதன் சொற்களிலேயே முழுமையாக எழுதுங்கள். பிறகு தனிப் பத்தியில் நவீன விளக்கம். கடைசியில் இரண்டு வரிகளில், எந்தக் கவனிப்பில் ஒத்துப்போகின்றன, எந்த விளக்கத்தில் பிரிகின்றன என்று குறிப்பிடுங்கள். திருத்துபவருக்கு உங்கள் தெளிவு அந்த இரண்டு வரிகளில் தெரிந்துவிடும்.

பருவ ஒழுக்கம் வரும்போது நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சிக்கல். நூல்கள் மழைக்காலத்தைச் சிராவண, பாத்ரபத மாதங்களில் வைக்கின்றன. நமக்கு அது கிட்டத்தட்ட ஆடியும் ஆவணியும். அப்போது இங்கே புழுதிதான் பறக்கிறது. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. தேசம் எனப்படும் நிலவகையும் அப்படியே. கடலோரத்தை நூல் ஈரம் மிகுந்த ஆனூப தேசத்தில் சேர்க்கிறது. நம் கடலோரத்திலோ தென்னந்தோப்பைவிடப் பனையும் முள்மரமும்தான் அதிகம், முள்மரமோ வறண்ட ஜாங்கல தேசத்தின் அடையாளம். தேர்வில் நூலின் மாதக் கணக்கை அப்படியே எழுதுங்கள். நோயாளி முன் உட்காரும்போது மாதத்தின் பெயரை விட்டுவிட்டு வானத்தையும் மண்ணையும் பாருங்கள். பருவத்தின் இயல்புதான் தோஷத்தை அசைக்கிறதே தவிர, நாட்காட்டி அல்ல என்பது என் உறுதியான கருத்து.

மருந்துப் பொருள்களின் குணங்களைப் படிக்கும் திரவிய குணத்துக்கு என் விருப்பமான பாடப்பொருள் நம் முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே ராமநாதபுரம் முண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிறகே இந்தியாவுக்கு வந்தது. சரகருக்கும் வாக்படருக்கும் அதைத் தெரியாது. தெரியாத ஒரு பொருளை இந்தச் சாத்திரம் எப்படி வகைப்படுத்தும்? சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 26-ஆம் அத்தியாயம் வழி சொல்கிறது. சுவை நாக்கில் பட்டதும் தெரியும். விபாகம், அதாவது செரிமானத்துக்குப் பின் பொருள் அடையும் சுவை, செரித்து முடிந்தபின் வரும் விளைவைக் கொண்டு தெரியும். வீரியம், அதாவது சூடு அல்லது குளிர்ச்சி என்ற ஆற்றல், பட்ட கணத்திலும், உடலில் தங்கியிருக்கும் காலம் முழுவதும் தெரியும். மிளகாயின் சுவை கார்ப்பு, அதில் ஐயமில்லை. வீரியம் உஷ்ணம். விபாகமும் கார்ப்பு என்று உடனே எழுதத் தோன்றும். ஆனால் திப்பிலியும் சுக்கும் கார்ப்புச் சுவை கொண்டவை, அவற்றின் விபாகமோ இனிப்பு. ஆகவே சுவையை வைத்து மட்டும் விபாகத்தை முடிவு செய்ய முடியாது. விளைவைக் கவனித்துத்தான் சொல்ல வேண்டும். பழைய பட்டியலை மனப்பாடம் செய்வதற்கும் ஒரு முறையைக் கற்றுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது.

இனி மறுபக்கம். மிளகாயிலுள்ள கேப்சைசின் நரம்பு முனையிலுள்ள டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் திறக்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு இதைக் கண்டறிந்தது. 2021-இல் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படாபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். அதே ஏற்பி சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் திறக்கிறது. அதனால்தான் மிளகாய் கடித்த நாக்கு சூடுபட்டது போல் எரிகிறது. இதைப் படித்ததும் "உஷ்ண வீரியம் நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று எழுதக் கை பரபரக்கும். நிதானியுங்கள். எரிச்சல் எப்படி உணரப்படுகிறது என்பதை இந்தக் கண்டுபிடிப்பு காட்டுகிறது. வீரியம் என்பதோ உடல் முழுவதும் நிகழும் விளைவுகளிலிருந்து ஊகிக்கப்படும் கருத்து. திப்பிலிக்கும் எள்ளுக்கும் உஷ்ண வீரியம் சொல்கிறோம். எள் நாக்கை எரிப்பதில்லை. ஓர் ஏற்பி ஒரு கவனிப்பை விளக்கலாம், ஒரு முழுக் கோட்பாட்டுக்குச் சான்றிதழ் தர முடியாது.

இதே கட்டுப்பாடு உப்பு விஷயத்திலும் வேண்டும். சரக விமானஸ்தானத்தின் முதல் அத்தியாயம் அளவுக்கு மீறி உண்ணக் கூடாத மூன்றைச் சொல்கிறது: திப்பிலி, தாவரச் சாம்பலிலிருந்து எடுக்கும் க்ஷாரம், உப்பு. உப்பு மிகுந்தால் சோர்வு, தளர்ச்சி, பலவீனம் வரும், காலத்துக்கு முன்பே நரையும் வழுக்கையும் சுருக்கமும் வரும் என்கிறது. அதற்கு அது தரும் சான்று என்னை எப்போதும் வியக்க வைக்கும்: உவர் நிலத்தில் செடிகொடிகள் முளைப்பதில்லை, முளைத்தாலும் வலுவற்றுக் கிடக்கின்றன, உப்பு அவற்றைத் தாக்குவதால். வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போனவர்களுக்கு இது கண்ணெதிரே தெரியும். இன்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. காரணம் இரத்த அழுத்தம், அதன் வழியே வரும் இதயநோயும் பக்கவாதமும். சரகர் இரத்த அழுத்தத்தைச் சொல்லவில்லை. சொன்னதாக எழுதாதீர்கள். அவர் சொன்னதே போதிய மதிப்புடையது. கருவாடும் ஊறுகாயும் தினமும் புழங்கும் நம் வீடுகளில் இரண்டு அறிவுரைகளும் ஒரே தட்டை நோக்கித்தான் கை நீட்டுகின்றன.

வாய்மொழித் தேர்வில் விருத்த ஆகாரம், அதாவது ஒன்றோடொன்று சேராத உணவுகள், கட்டாயம் வரும். ஊரிலும் வரும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு அப்பத்தா கேட்பார்: "டாக்டருக்குப் படிக்கிறாயே ஆத்தா, மீன் சாப்பிட்டுவிட்டுப் பால் குடித்தால் வெண்புள்ளி வருமா?" சரகர் மீனையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்கிறார்: இரண்டும் இனிப்பு, ஆனால் பால் குளிர் வீரியம், மீன் உஷ்ண வீரியம், சேர்ந்தால் இரத்தம் கெட்டு வழிகள் அடைபடும் என்பது காரணம். அதே இடத்தில் பத்ரகாப்பியர் என்ற முனிவர், சிலிசிம மீன் ஒன்றைத் தவிர மற்ற மீன்களைப் பாலோடு உண்ணலாம் என்கிறார். நூலின் ஆசானான ஆத்ரேயர் அதை மறுக்கிறார். நூலுக்குள்ளேயே விவாதம் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். நவீன மருத்துவத்தில் வெண்புள்ளி என்பது நிறமி செல்கள் அழிவதால், பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றைத் தாக்குவதால் வருவது. மீனும் பாலும் சேர்வதுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அப்பத்தாவிடம் இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த சூரையிலும் காணாங்கெளுத்தியிலும் ஹிஸ்டமின் உண்டாகும், சமைத்தாலும் அது போகாது, உடம்பு சிவந்து தடிப்பது பல நேரம் அதனால்தான்.

இன்னொரு வீட்டுக் கேள்வி கருப்பட்டி. "சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டி நல்லதுதானே?" நல்லதல்ல. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். ஆயுர்வேதமும் இதில் இரக்கம் காட்டவில்லை: சர்க்கரை நோயோடு ஒப்பிடப்படும் பிரமேகத்துக்குச் சரகர் காரணமாக அடுக்குபவற்றில் வெல்லப் பண்டங்கள் இருக்கின்றன, கபத்தைப் பெருக்கும் எல்லாமும் இருக்கின்றன. இரண்டு மருத்துவங்களும் ஒரே குரலில் பேசும் இடத்தில் ஊர் வழக்கத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். இன்சுலின் போடுபவரிடம் அதை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எந்த ஆண்டிலும் உங்களுக்கு வரக் கூடாது.

நம் கடலின் சங்கும் நல்ல வினா. சங்கு பற்பத்தின் அடிப்படை கால்சியம் கார்பனேட். அது அமிலத்தைச் சமன்படுத்தும் என்பது பள்ளி வேதியியல். நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் தரும் அம்லபித்தத்துக்கு அது ஏன் உதவுகிறது என்பதற்கு இது ஒரு நேரான விளக்கம். சங்கைப் போலவே மருந்தாகும் பவளத்தைப் பற்றி எழுதும்போது மட்டும், பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மன்னார் வளைகுடாவின் பிள்ளைகள் அதை மறக்கக் கூடாது.

சான்று பற்றிய பாடத்தைப் பதார்த்த விஞ்ஞானம் என்ற தத்துவப் பாடத்தில் மாணவர்கள் சலிப்போடு கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முழுப் படிப்பின் திறவுகோல். ஆப்தோபதேசம் (பெரியோர் சொல்), பிரத்தியட்சம் (நேரில் அறிவது), அனுமானம் (ஊகம்), யுக்தி (பல காரணங்களை இணைத்துத் தேர்வது) என்று சரகர் நான்கு சொல்கிறார். பெரியோர் சொல் அதில் ஒன்று, ஒன்று மட்டுமே. குக்குலு என்ற மரப்பிசினை எடுத்துக்கொள்ளுங்கள். உடலில் கொழுப்பு மிகும் மேதோரோகத்துக்கு அது சொல்லப்பட்டதை வைத்து 1960-களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு தொடங்கியது, கொழுப்பைக் குறைக்கும் மருந்தாக அதன் சாறு பெயர் பெற்றது. 2003-இல் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. இதை மறைக்காமல் எழுதுங்கள். சாறும், பத்தியத்தோடு தரும் குக்குலு யோகமும் (கூட்டு மருந்தும்) ஒன்றல்ல என்ற வாதம் நியாயமானதே. ஆனால் அந்த வாதத்தையும் ஆய்வு செய்துதான் நிறுவ வேண்டும்.

இனி வேலைத் திட்டம். தேர்வுத் தாளில் 20 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு, 40 ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு, 40 பத்து மதிப்பெண் வினாக்களுக்கு. ஐந்து மதிப்பெண் வினாக்கள்தான் பலரைக் கவிழ்க்கின்றன, எனவே தோஷத்தின் ஐந்து வகைகளையும் இடம், செயல் என்று கையால் திரும்பத் திரும்ப எழுதிப் பாருங்கள். அஷ்டாங்க ஹிருதய சூத்திரஸ்தானத்தில் 1, 11, 12 ஆகிய அத்தியாயங்களை முதலில் முடித்தால் உடலியங்கியல் பாடமான கிரியா சாரீரத்தின் பாதி எளிதாகிவிடும். சமஸ்கிருதம் பயமாக இருந்தால் சுலோகத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, பதம் பிரித்து, ஒவ்வொரு பதத்துக்கும் கீழே பொருள் எழுதுங்கள். சனிக்கிழமை மாலை இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவர் தேர்வாளராகவும் மற்றவர் மாணவராகவும் அமர்ந்து கேள்வி கேளுங்கள், முதல் கேள்வி எப்போதும் "வாதம் என்றால் நரம்பா?" என்பதாக இருக்கட்டும்.