25 நாளில் ஒரு குடில்

எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் குடில் (இயேசு பிறந்த தொழுவத்தின் சின்ன மாதிரி) வழக்கமாக டிசம்பர் 23 இரவு ஒரே மூச்சில் எழும்பும். பரணில் இருந்து அட்டைப்பெட்டியை இறக்குவோம், கடையில் வாங்கிய சுரூபங்களை, அதாவது சின்னச் சிலைகளை, துடைத்து வைப்போம், சீரியல் விளக்கைச் சுற்றுவோம். விடியும்போது குடில் இருக்கும், ஆனால் அதைப் பார்க்கக் கண்ணைத் திறந்து வைத்திருக்கத் தெம்பு இருக்காது. 24-ஆம் தேதி முழுக்க முறுக்குச் சட்டி, துணி, விருந்தாளி. நள்ளிரவுத் திருப்பலியில் கண் சொருகும். மறுநாள் மதியம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தால் கிறிஸ்மஸ் முடிந்துவிடும்.

இந்த வருடம் (2025) அதை மாற்றிப் பார்க்க நினைத்தேன். கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட காத்திருப்புக் காலமான திருவருகைக்காலம் நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அன்றிலிருந்து டிசம்பர் 24 வரை 25 நாள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், செல்போன் அடுத்த அறையில், ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை. கடையில் எதையும் வாங்காமல் கையாலேயே குடில் செய்வது என்று முடிவு.

கூடவே வாசிப்பும். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் 80 வசனங்கள். இரண்டாம் அதிகாரத்தில் இடையர்கள் திரும்பிப் போகும் இடம் வரை 20. ஆக 100. 25 நாளுக்குப் பிரித்தால் தினம் சரியாக நான்கு வசனம். இந்தக் கணக்கு இவ்வளவு பொருத்தமாக வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாசிப்பது அம்மா, கேட்பது நான், என் மகள், அவள் அப்பா.

நவம்பர் 30

காற்றாடி மரத்துக் கிளைகளை (சவுக்கை எங்கள் நாகர்கோவில் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வளையமாகக் கட்டி நான்கு மெழுகுவத்திகள் வைத்தோம். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். இந்த வளையத்தின் கதையை மகளுக்குச் சொன்னேன். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யோகான் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். கிறிஸ்மஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்ததால் ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாட்களுக்குச் சின்ன சிவப்பு மெழுகுவத்திகளும், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்திகளும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். காத்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட்டார்.

அன்றே, குடிலில் புல்லாக வைக்க, ஒரு தட்டில் நெல்லும் விதைத்தேன். அது தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிசம்பர் 2 முதல் 6 வரை

சட்டி பானை செய்யும் பெரியவர் ஒருவரிடம் இரண்டு கிலோ களிமண் வாங்கி வந்தேன். கல்லும் வேரும் போகச் சலித்து, தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியில் ஊற்றி இரண்டு நாள் நீர் வடிய விட்டேன். பிசையும்போது கொஞ்சம் மெல்லிய மணலும் பொடிப்பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்தால் வெடிப்பு குறையும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சூளையில் வைக்கப் போவதில்லை, நிழலில் காயவிடுவதோடு சரி. அதனால் விரல், மூக்கு என்று மெலிந்து நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் செய்யக்கூடாது. முகத்துக்குக் கட்டைவிரலால் ஓர் அழுத்து, அதில் நெற்றியும் மூக்கின் மேடும் வந்துவிடும். கண் வைக்கவில்லை. வைக்காததே நன்றாக இருந்தது.

முதலில் ஆடுகள். ஏழு ஆடு, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் செய்யக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். இரண்டாவது ஆடு முடியும்போதுதான் கைக்கு ஆட்டின் முதுகு பிடிபட ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்துவது கஷ்டம். ஆனால் மறுநாள் காலையில் அந்த இரண்டையும் எடுத்துப் பார்க்கும்போது, ஏழையும் முடித்திருந்தால் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

4-ஆம் தேதி வாசிப்பில் திருமுழுக்கு யோவானின் அப்பா சக்கரியா ஊமையானார். வானதூதர் சொன்னதை நம்பாததால், பிள்ளை பிறக்கும்வரை பேச்சு இல்லை. எத்தனையோ முறை கோவிலில் கேட்ட வாசகம்தான். ஆனால் நான்கு நான்கு வசனமாகப் போனதில் 5, 6, 7 என்று நாட்கள் கடந்தும் அவர் பேசவில்லை. "சக்கரியா தாத்தா இன்னும் பேசலையா?" என்று மகள் தினமும் கேட்டாள். 15-ஆம் தேதி இரவுதான், எழுதுபலகையில் பிள்ளையின் பெயரை "யோவான்" என்று எழுதிய பிறகு, அவர் நா கட்டவிழ்ந்தது. 11 நாள்! ஒரே மூச்சில் வாசித்தால் சில நிமிடங்களில் வந்துபோகிற மௌனம் அது. அன்று மகள் கைதட்டினாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

டிசம்பர் 8

மாதா சுரூபம். இதுவரை எங்கள் குடிலில் இருந்த மாதா முழங்காலிட்டுக் கைகூப்பி இருப்பாள். அதேபோல் செய்யத் தொடங்கினேன். பக்கத்தில் முந்திரிக்கொத்துக்காக வறுத்த பாசிப்பயறைப் புடைத்துக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பெத்தவ எப்பிடி மக்களே முட்டுக்குத்தி இருப்பா? ஒடம்பு என்ன பாடு பட்டிருக்கும். படுக்க வையி."

நான்கு பிள்ளை பெற்றவள் சொன்னது. பழைய கீழைத் திருச்சபைப் படங்களில் மாதா உண்மையிலேயே படுத்துத்தான் இருப்பாள். 14-ஆம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த புனித பிரிஜித்தாள் தான் கண்ட காட்சியில் மாதா முழங்காலிட்டதாகச் சொன்ன பிறகுதான் மேற்கத்திய ஓவியங்களில் அந்தக் கோலம் பரவியது. அம்மாவுக்கு அந்த வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. மண்ணை மறுபடி உருட்டி, ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்கு வைத்த மாதாவைச் செய்தேன். இரண்டு இரவு ஆனது. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கிட்டத்தட்ட எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டி போவது மாதிரி. லூக்கா கழுதை எதையும் சொல்லவில்லை. நிறைமாதத்தில் அவ்வளவு தூரம் வந்த அந்தப் பெண்ணின் பாதங்களை வழித்து வழித்துச் செய்தபோது, முதன்முறையாக அவளுடைய களைப்பைப் பற்றி நினைத்தேன். 40 வருடம் மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், அவளுக்குக் கால் வலித்திருக்குமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

டிசம்பர் 11

இரண்டு பின்னடைவுகள். மாதாவின் கணவர் சூசையப்பரின் கழுத்தில் வெடிப்பு. மழை ஈரத்தில் உடல் காயாமல் இருக்க, கழுத்து மட்டும் முந்திக் காய்ந்ததுதான் காரணம். அதே களிமண்ணைக் கூழாகக் கரைத்து வெடிப்பில் தடவி, சுரூபம் முழுவதையும் ஈரத்துணியால் மூடி மெதுவாகக் காய விட்டேன். நான்கு நாளில் சரியாயிற்று. கழுத்தைச் சுற்றி ஒரு கோடு தெரிகிறது, தோள்துண்டு போட்டு மறைக்கலாம். மறைக்கவில்லை.

இன்னொன்று நெல். முதல் நாளே விதைத்ததால் 11 நாளில் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டது. அறை மூலையில் வெளிச்சம் போதாமல் வெளிறி, நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அடியில் வெள்ளைப் பூசணமும் பிடித்திருந்தது. முழுவதையும் எடுத்து உரக்குழியில் போட்டேன்.

டிசம்பர் 12, இரண்டாம் விதைப்பு

இந்த முறை செய்தது இது. நெல்லை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்வரை வைத்தேன். தட்டின் அடியில் ஆணியால் துளைகள், தேங்காய்நார்த் தூள் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. இடம் கிழக்கு ஜன்னல். பயிர் வெளிச்சத்தின் பக்கமே சாய்வதால் தினமும் காலையில் தட்டைத் திருப்பி வைத்தேன். தண்ணீர் தெளிப்பது மட்டும்தான், ஊற்றுவதில்லை. இன்னொரு தட்டில் கேழ்வரகு. அது நெல்லைவிட மெல்லிய, அடர்த்தியான புல்லாக வரும். குடிலின் முன்பக்கத்துக்கு அதுதான் அழகு.

17-ஆம் தேதி காலை ஆறு மணி இருக்கும். தட்டைத் திருப்பப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு நாற்றின் நுனியிலும் ஒரு நீர்த்துளி. குண்டூசித் தலை அளவு. வீட்டுக்குள் பனி ஏது? வேர் இரவில் இழுத்த நீர், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது ஆவியாகப் போக வழியில்லாமல், இலை நுனியில் துளியாகக் கசிந்து நிற்கிறது. வயல்காரர்கள் தினமும் பார்ப்பதுதான். நூறு நாற்றிருக்கும், நூறு துளி. ஜன்னல் வெளிச்சம் வந்ததும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஜன்னல் கம்பிகள் தலைகீழாகத் தெரிந்தன. மகளை எழுப்பிக் காட்டினேன். பத்து நிமிடத்துக்கு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

தீவனத் தொட்டி

இதற்குத் தனியாக எழுத வேண்டும். அம்மா பிறந்த வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை). அவள் வாயில் "முன்னணை" என்றுதான் வரும். எங்கள் கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் "தீவனத் தொட்டி". முன்னணை என்று கேட்டால் தாலாட்டுப் போல இருக்கிறது. தீவனத் தொட்டி என்றால் மாட்டு எச்சிலும் புண்ணாக்கு வாசனையும் வருகிறது. எனக்கு இரண்டும் வேண்டும். இயேசு பிறந்த நாட்டில் கல்லைக் குடைந்து செய்த பழங்காலத் தொட்டிகள் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. அதனால் மரத்தொட்டியை விட்டு, களிமண்ணில் கல்தொட்டி போலவே செய்து சாம்பல் தேய்த்தேன். பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அங்கே சாப்பாடு வைக்கும் தொட்டியில் பிள்ளை.

தொட்டி காயும்வரை வைக்கோல்களைத் தனியே ஒரு கிண்ணத்தில் சேர்த்தோம். ஒரு இரவுக்கு ஒன்று. வைக்கிறவர் இந்த வருடம் தனக்கு நன்மை செய்த ஒருவரை நினைத்து, அது யார் என்று சொல்லி வைக்க வேண்டும். முதல் வாரம் எளிது. பிறகுதான் யோசிக்க வேண்டி வந்தது. ஜூலையில் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, தன் வேலை நேரம் முடிந்தும் போகாமல் கட்டில் பக்கத்தில் நின்ற செவிலி. மகளின் பள்ளி வேன் ஓட்டுநர். என் வீட்டுக்காரர் ஒரு இரவு நீண்ட நேரம் வைக்கோலைக் கையில் வைத்திருந்துவிட்டு, பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் அண்ணனைச் சொன்னார். மழைக்கு வீட்டு ஓடு சரிந்தபோது ஆள் அனுப்பியது அவர்தானாம். எனக்கே அன்றுதான் தெரியும். கிறிஸ்மஸ் அன்று இருவரும் போனில் பேசினார்கள்.

9, 18 தேதிகளில் எனக்கு வேலை முடிந்து வரவே நேரமாகிவிட்டதால் வைக்கோல் வைக்கவில்லை. வாசிப்பை மட்டும் அம்மா விடவில்லை. மறுநாள் இரண்டாகச் சேர்த்து வைக்கலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆகவே மொத்தம் 23 வைக்கோல்.

டிசம்பர் 20 முதல் 24 வரை

கூரைக்குப் பனையோலைப் பெட்டி ஒன்றைப் பிரித்து மடித்தேன். சுவருக்குக் கமுகம் பாளை. நிறம் எல்லாமே காவியும் சுண்ணாம்பும் கரியும்தான், கடைப் பெயின்ட் கிடையாது. அம்மா முந்திரிக்கொத்து சுட்டதும் அச்சு முறுக்கு சுட்டதும் இந்த நாட்களில்தான், ஆனால் குடில் வேலை ஏற்கெனவே முக்கால்வாசி முடிந்திருந்ததால் நானும் அடுப்படியில் கூட உட்கார்ந்து மாவு முக்கிக் கொடுத்தேன். பல வருடத்துக்குப் பிறகு.

24-ஆம் தேதி மாலை கடைசி நான்கு வசனம். இடையர்கள் சொன்னதைக் கேட்டு எல்லாரும் வியந்தபோது, மரியா மட்டும் எல்லாவற்றையும் மனதில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள் என்ற வரி அதில் இருக்கிறது. பிரித்தபோது நான் கவனிக்கவே இல்லை, அந்த வரி கடைசி நாளுக்குத் தானாக விழுந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசித்தாள்.

திருப்பலி முடிந்து வந்து, கட்டைவிரல் அளவே இருக்கும் பாலன் இயேசுவை மகள் 23 வைக்கோலின் மேல் கிடத்தினாள். சீரியல் விளக்கு இல்லை, ஒரு அகல் மட்டும்.

டிசம்பர் 29

மிஞ்சிய மண்ணில், பாலனைப் பார்க்கக் காணிக்கையோடு வந்த ஞானிகளைச் செய்தேன். மூன்று பேர் என்று மத்தேயு நற்செய்தி எண்ணிக்கை சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. ஆனாலும் எங்கள் வீட்டில் மூன்று ராஜா இல்லாமல் முடியாது. 25-ஆம் தேதி மொட்டைமாடிப் படியில் நின்றவர்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வருகிறார்கள். இன்று கிரைண்டர் பக்கம். ஜனவரி 4, ஞாயிறு, ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவன்று குடிலுக்கு வந்து சேர வேண்டும்.

அடுத்த வருடத்துக்குக் குறித்து வைத்தவை: நெல்லை டிசம்பர் 12-க்கு முன் விதைக்கக் கூடாது. சூசையப்பரை மழைக்கு முன்பே, அக்டோபரிலேயே செய்துவிட வேண்டும். மாடு இந்த முறை நாய் போல வந்துவிட்டது, உண்மையான மாட்டைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

குடிலைக் கலைத்த பிறகு புல்லை என்ன செய்வது என்று மகள் கேட்கிறாள். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்துக் குடில் அமைத்தபோது, அந்த வைக்கோலை ஊர்க்காரர்கள் எடுத்துப் போய் நோயுற்ற தங்கள் கால்நடைகளுக்குக் கொடுத்ததாக அவருடைய வரலாற்றில் இருக்கிறது என்று சொன்னேன். அடுத்த தெருவில் ஒரு வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது. புல்லை அதற்குக் கொடுப்பது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அதுவரை வாடாமல் இருக்க, இன்று காலையும் தட்டைத் திருப்பி வைத்துத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள்.